ஜப்பான் வயலில் ஓர் உரச்சாக்கு

"பிள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டு வராதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

அல்லா பிச்சை பாய் கத்தினார். தஞ்சாவூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. மாலதி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

மேசைமேல் கிடந்தது ஜப்பான் படம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தது. பழைய சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டதென்று பேராசிரியை செம்மொழி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

காலையிலிருந்தே மாலதிக்கு அதை விட்டுக் கண் நகரவில்லை. கூரை வீடுகள், வரப்பு, நாற்று நடும் பெண்கள். மழையைக்கூட மெல்லிசான கோடுகளாகச் செதுக்கியிருந்தார்கள்.

"மழையை எப்படிம்மா மரத்துல வெட்டுவாங்க?" என்று மகள் மகிழினி கேட்டாள்.

"அதான் தெரியலடி."

எல்லார் தலையிலும் ஓலைத் தொப்பி. ஓரத்தில் ஒருத்தி மட்டும் வெறுந்தலை.

இப்போது அவள் தலையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ஓர் உரச்சாக்கு! நம்மூரில் நடவுக்காரிகள் மூலையை உள்ளே மடித்துக் கவிழ்த்துக்கொள்வார்களே, அச்சு அசலாக அதே மாதிரி.

வாசலில் கார் நின்றது. செம்மொழி இறங்கினார். இந்த வேலையும் போச்சு என்று நினைத்தாள் மாலதி.

பாய் குரலைத் தணித்தார். "நீ உள்ள போ. என் கைதான் தவறிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"கை தவறினா சாக்கு வருமா பாய்?"

"போன்னா போ!"

அதற்குள் மகிழினி முந்திக்கொண்டாள். "நான்தான் வரைஞ்சேன் ஆன்ட்டி. இவங்க மட்டும் நனையுறாங்க, பாவம்."

செம்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சாக்கு போடுவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ஸுல வரும்போது பார்த்தேனே!"

"மன்னிச்சிடுங்க மேடம். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் மாலதி.

"லேசா அழிச்சுப் பார்க்கட்டுமா மேடம்?" பாய் பஞ்சை எடுத்தார்.

"தொடாதீங்க!"

மாலதி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

செம்மொழியின் விரல், படத்தில் படாமல், அந்தச் சாக்கின்மேல் நின்றது.

"இதே கட்டையில நூறு படம் ஒத்தி எடுத்திருக்காங்க பாய். அதுலல்லாம் இவ யாரோ ஒரு ஜப்பான்காரி. இப்படியே கண்ணாடி போட்டுக் கொடுங்க... இதுல மட்டும்தான் எங்கம்மா."