மிச்சமிருக்கும் ரிஸ்க்

நீண்ட மேசையில் பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்த கணவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே விமானத்தின் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது.

“இன்னிக்கு வேணாமே. ரொம்ப ரிஸ்க்” என்றான்.

“ரிஸ்க்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?” எதிரே நின்ற மனைவி சிரித்தாள். “கண்ணை மூடிக்கிட்டுக் குதிச்சா அது கிறுக்குத்தனம். எதெல்லாம் தப்பாப் போகும்னு யோசிச்சு, ஒவ்வொண்ணையும் சரிபண்ணின பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதைத் தெரிஞ்சே ஏத்துக்கிறதுதான் ரிஸ்க் எடுக்கிறது.”

“கயிறு சிக்கிக்கிட்டா?”

“அதுக்குத்தான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு எண்ணி வைக்கிறோம்.”

“விரியவே இல்லேன்னா?”

“இதே பையில இன்னொண்ணு தயாரா இருக்கு.”

“அதுவும் விரியலேன்னா?”

“அதுதான் நான் சொன்ன மிச்சம். நம்ம கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் வேர்த்து வழிஞ்சீங்க!”

அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் முறையாகக் கயிறுகளை எண்ணினான். பையை மூடி, அதோடு இருந்த சரிபார்ப்பு அட்டையில் கையெழுத்திட்டான்.

“நேரமாச்சு!” வெளியிலிருந்து விமானி கத்தினார்.

மனைவி பையை எடுத்துத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.

“ஆறு மாசம் பயிற்சி எடுத்து, நீங்க தனியா மடிச்ச முதல் பாராசூட். இதை நம்பி நான் குதிக்கலேன்னா வேற யாரு குதிப்பாங்க?”

“நான் தப்பா மடிச்சிருந்தா உன் கதி?”

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு பயப்படுற மனுஷன் மடிச்சதுல, மிச்சம் ரொம்பக் கம்மிங்க.”