மாஸ்டருக்கு மட்டும் லீவு

"மாஸ்டர், நாளைக்கு நீங்க கிளாசுக்கு வர வேண்டாம்."

டீச்சர் போனில் சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அது வராது.

"லீவா டீச்சர்?"

"மத்தவங்களுக்கு இல்ல. உங்களுக்கு மட்டும்."

எதிர்முனையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"சரிங்க டீச்சர்" என்றார் மாஸ்டர். ஏன், எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. துறைமுக கேன்டீனில் கரண்டி பிடிக்கிற மாஸ்டர். கப்பல்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுப் போட்டே காதால் ஸ்பானிஷ் பிடித்தவர். பேசினால் போதுமா, எழுதப் படிக்கவும் தெரியணுமே என்று டீச்சரின் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பில் வந்து சேர்ந்திருந்தார்.

வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு பேர். இருபத்தோரு பேரைப் பற்றி டீச்சருக்குக் கவலையே இல்லை. மாஸ்டர்தான் தலைவலி.

மீனுக்கு 'பெஸ்காதோ' என்று அவள் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுப்பாள். கடைசி பெஞ்சிலிருந்து மாஸ்டர் 'பெக்காவ்' என்பார்.

"எழுத்தை முழுங்காதீங்க மாஸ்டர்! முழுங்கறதுக்குத்தான் மீன் இருக்கே."

வகுப்பே கொல்லென்று சிரிக்கும். மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த நாளும் 'பெக்காவ்'தான். திருந்தினால்தானே!

நாளைக்கு வரப்போகிறவர் தலைமை அலுவலகத்துப் பரிசோதகர். ஸ்பானிஷே தாய்மொழி. ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே இழுத்துக்கொண்டிருக்கும் டீச்சரின் வேலை நிரந்தரமாவதும், இல்லாமல் போவதும் அவர் எழுதப்போகிற ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. டீச்சருக்குத் தன்னைப் பற்றித் துளிக்கூடப் பயமில்லை. இலக்கணப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு 'பெக்காவ்' வந்து விழுந்தால்? அதற்குத்தான் அந்த போன்.

மறுநாள் பாடம், சாப்பாட்டு வார்த்தைகள். மேஜை மேல் பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் முட்டை, அட்டையில் வெட்டிய ரொட்டி. பூண்டு படத்தை டீச்சர் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன?"

"ஆஹோ!"

"இன்னும் சத்தமா!"

"ஆஹோ!"

"ஆஹோ, ஓஹோன்னு இருக்கு டீச்சர். உரிக்கிற எனக்குத்தானே தெரியும் அதோட அருமை" என்றாள் முன் பெஞ்சு நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்கும் தெம்பு வந்தது. இன்றைக்கு ஜெயம்தான்!

கதவு திறந்தது.

பரிசோதகர் இல்லை, மாஸ்டர். கையில் டிபன் கேரியர்.

"மாஸ்டர்! நேத்து நான் என்ன சொன்னேன்?"

"கிளாசுக்கு வரல டீச்சர். பொம்மை மீனைக் காட்டினா நம்ம ஆளுங்க வாயில வார்த்தை எப்படி ஊறும்? சூப்பு, ரொட்டி, வறுத்த மீன். வெச்சுட்டு ஓடிடறேன்."

ஓட முடியவில்லை. வாசலில் பரிசோதகர் நின்றிருந்தார்.

வறுத்த மீன் வாசனை அவரை நேராக மேஜைக்கு இழுத்து வந்தது. மீனைக் காட்டி, டீச்சரைப் பார்த்துப் படபடவென்று ஏதோ கேட்டார்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் மறுபடி கேட்டார். அந்த வேகத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் அவள் காதில் மாட்டியது.

'பெக்காவ்.'

ஐயையோ, இந்த மனுஷரும் எழுத்தை முழுங்குகிறாரே! புத்தகத்தில் இப்படி ஒரு ஸ்பானிஷை அவள் பார்த்ததே இல்லை. ஆறு வருஷம் ஓயாமல் பேசிய வாய் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. இருபத்தோரு பேரும் அவளையே பார்த்தார்கள்.

வாசல் பக்கமிருந்து பதில் வந்தது.

மாஸ்டர்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி சர்வசாதாரணமாகப் பேசினார். பரிசோதகரின் முகம் மலர்ந்தது. அவர் ஏதோ கேட்க, இவர் ஏதோ சொல்ல, நடுநடுவே மாஸ்டர் டீச்சரைக் கைகாட்டி வேறு பேசினார். போதாததற்கு, காதருகே கையை வைத்து போன் பேசுகிற மாதிரி ஒரு சைகை!

நேற்றைய போன் விஷயம்! போட்டுக் கொடுத்துவிட்டாரே மனுஷர்!

பரிசோதகர் மீனை ருசித்துச் சாப்பிட்டார். வகுப்பு சொன்ன வார்த்தைகளை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். ஒரு பக்கம் எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

'மாணவர்களைப் பேச வைக்கத் தெரிந்த ஆசிரியை. வேலையை நிரந்தரமாக்கலாம்.'

டீச்சர் அதை மூன்று தரம் படித்தாள். பிறகு வெளியே ஓடினாள். மாஸ்டர் குழாயடியில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அவர்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"உங்க டீச்சர் ஏன் பேசலன்னு கேட்டார். இந்த கிளாஸ்ல கேள்வி வந்தா டீச்சர் வாயைத் திறக்க மாட்டாங்க, நாங்கதான் பதில் சொல்லணும், அதான் இங்க சட்டம்னேன்."

டீச்சருக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷரையா வர வேண்டாம் என்றோம்!

"மாஸ்டர்... நேத்து நான் போன்ல..."

"அதையும் சொன்னேன் டீச்சர்."

"ஐயோ! என்னன்னு?"

மாஸ்டர் கேரியரை அடுக்கி, கொக்கியை மாட்டினார்.

"கிளாஸ்ல இருபத்திரண்டு பேர் இருந்தும், கடைசி பெஞ்சுல உக்கார்ற எனக்கு மட்டும் தனியா போன் பண்ணிப் பேசற டீச்சர்னு சொன்னேன். பொய்யா டீச்சர்?"