அப்புறம் சொல்றேன்

மகள் புது பிரிண்டரை வீட்டு வைஃபையில் இணைத்ததும், அதைப் பயன்படுத்த அனுமதி கேட்டு மூன்று பெயர்கள் வந்தன. மகளின் போன், அம்மாவின் போன், 'அப்பா லேப்டாப்'. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காருக்குள் அப்பாவோடு சேர்ந்தே எரிந்துபோன லேப்டாப் அது.

"பழசு ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கும்மா. எடுத்துடறேன்."

"இருக்கட்டும். அதுக்கும் அனுமதி குடு."

அப்பா சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியவரில்லை. எதைக் கேட்டாலும், "அப்புறம் சொல்றேன்" என்பார். முப்பது வருஷம் அம்மா அந்த அப்புறத்துக்காகக் காத்திருந்தாள்.

மகள் அனுமதியைத் தொட்டாள். பிரிண்டர் முனகியது. அதன் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: 'அப்பா லேப்டாப், 412 பக்கங்கள். தாள் வைக்கவும்.'

மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா நாற்காலியில் இல்லை. உள்ளறையில் பேப்பர் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.