படகுக்காரர் கொண்டுவந்த தண்ணீர்

ஜன்னல் வெயிலில், புட்டிக்குள் ஆற்றுத் தண்ணீர் பளிங்காகத் தெளிந்து நிற்கிறது. ஆய்வகப் பெண் மூன்றாம் முறையாக அளந்து பார்க்கிறாள். திரையில், பிஞ்சு மூளையைக் கெடுக்கும் ஈயத்தின் அளவு இம்மியும் இறங்கவில்லை, அனுமதித்ததைப்போல் ஐந்து மடங்கு. புட்டியைக் கொண்டுவந்த படகுக்காரர் கருவியின் இரைச்சலுக்கு ஒதுங்கினவர்போல் கதவோரமாகவே நிற்கிறார். "பேத்திக்கு நாலு வயசாகியும் பேச்சு சரியா வரலம்மா. தண்ணியச் சோதிச்சுப் பாருன்னு டாக்டர் சொன்னாரு. இவ்வளவு தெளிவா இருக்கே, இதுல என்ன இருக்கப்போகுது?" "தினமும் இதையா குடிக்கிறா?" என்று அவள் கேட்கிறாள். "பொறந்ததிலிருந்து. நடு ஆத்துல நல்ல தண்ணியாப் பாத்து நானே மொண்டுட்டு வருவேன். என் கையால குடுத்தாத்தான் குடிப்பா." சொல்லும்போதே அவர் முகம் மலர்கிறது. அச்சுப்பொறி தாளை வெளியே தள்ளுகிறது. அவள் அதை எடுக்காமல், முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "உட்காருங்க ஐயா."