பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

“இதுல மீனைக் காணோமே! கடலைத்தான் காட்டியிருக்க. கடலைப் பார்க்கணும்னா ஜனங்க ஜன்னலைத் திறந்து பார்த்துக்க மாட்டாங்களா?”

ஃபென்னா மடிக்கணினியை எட்டத் தள்ளினாள். வெப்சைட் செய்து தர வந்த இம்கே பொறுமையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன தடவை எழுத்து பொடிசாக இருக்கிறது என்றாள் இந்த அம்மாள். அதற்கு முந்தைய தடவை, நீல நிறம் அழுமூஞ்சியாக இருக்கிறதாம். இன்றைக்குக் கடல் ஆகவில்லை.

ஃபென்னாவின் மீன்கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருந்த சின்ன மேஜையில்தான் இந்தப் பஞ்சாயத்து. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத் தெரு, அதற்கப்பால் இறால் படகுகள். ஃபென்னா கோப்பையில் கற்கண்டைப் போட்டுச் சூடான தேநீரை ஊற்ற, கற்கண்டு படபடவென்று வெடித்தது.

“சரிம்மா, மீனை முன்னாடி கொண்டு வரேன். எதுக்கு இவ்வளவு அவசரம்?”

“கோடை முடியறதுக்குள்ள நாலு பேர் உள்ள வரலைன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். வர்ற டூரிஸ்ட் எல்லாம் போனைப் பார்த்துக்கிட்டே நடக்கிறான். போன்ல இல்லாத கடை அவனுக்கு ஊர்லயே இல்லை.”

சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. இவ்வளவு வாய் பேசுகிறவளுக்குள் இப்படி ஒரு பயமா என்று இம்கேவுக்குப் பாவமாக இருந்தது.

“புகையடுப்பை நானே படம் எடுக்கட்டுமா? நீங்க குடுத்த படத்துல எல்லாம் வெறும் கைதான் இருக்கு.”

முறுக்கேறிய இரண்டு ஆண் கைகள், விலாங்கு மீன்களைக் கம்பியில் கோத்துப் புகையில் தொங்கவிடும் படங்கள் அவை. கடையில் வேலை செய்கிற ஆளாக இருக்கும் என்று இம்கே நினைத்துக்கொண்டாள்.

“கை போதும். அந்த மூஞ்சியைப் போட்டா வர்றவனும் ஓடிருவான்.”

“அப்ப கடை பேரு? பக்கத்துக்கு அடியில உரிமையாளர் பேரும் முகவரியும் போட்டே ஆகணும்மா. சட்டம். இல்லைன்னா வக்கீல் நோட்டீஸ் வரும்.”

“பேரெல்லாம் கடைசில. முதல்ல நான் சொல்றதை எழுது. ‘விறகுப் புகை. பொடி போட்ட புகை கிடையாது. இந்தக் கரையில இதைவிட நல்ல விலாங்கு கிடையாது.’”

“தற்பெருமை கொஞ்சம் தூக்கலா இல்ல?”

“உள்ளதைச் சொன்னா தற்பெருமையா? எழுதுடி பொண்ணே.”

தெருவில் ஏதோ கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. ஃபென்னா துள்ளி எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள்.

“பாரு, பாரு! மறுபடியும் பலகையை என் பக்கம் தள்ளி வைக்கிறான், கோவேறு கழுதை!”

எதிர் வரிசை மீன்கடைக்காரர் ஹாபோ, விளம்பரப் பலகையை நிமிர்த்திவிட்டு, இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனார்.

“உங்களுக்குள்ள என்னம்மா தகராறு?”

“துறைமுகத் திருவிழால அவன் வித்த மீன்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தின்னேன். அவ்வளவுதான். ஊர் பார்க்க அவன் கைப்பக்குவத்தை அவமானப்படுத்திட்டேனாம். அன்னையில இருந்து, எதிர்ல பார்த்தா வணக்கமா ஒரு ‘மோயின்’ கிடையாது. தெரு நாய்க்குக்கூட மோயின் சொல்வான், எனக்குச் சொல்ல மாட்டான்!”

இம்கே சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“விடுங்கம்மா. இந்த வெப்சைட் மட்டும் வரட்டும், அந்த ஆளு கடையில உட்கார்ந்து ஈ ஓட்டுவாரு.”

“இப்பவே அதைத்தான் ஓட்டுறான்,” என்றாள் ஃபென்னா. ஏனோ அதில் சந்தோஷம் இல்லை. இரண்டாவது கோப்பையை நிரப்பினாள்.

மூன்றாவது கோப்பை ஆறுவதற்குள் இம்கே வேலையை முடித்துவிட்டாள். திரையில் கடல் ஓரமாக ஒதுங்கியிருந்தது. நடுவில் பொன்னிறமாக விலாங்கு மீன்கள், கீழிருந்து எழும் புகை, அந்த இரண்டு கைகள்.

ஃபென்னா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி, இந்த முறை கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்குடி. அடுப்பு வாசனையே வருது.”

இம்கேவுக்கு மனசு குளிர்ந்தது. இனித் தேநீர் போதும் என்பதற்கு அடையாளமாக ஸ்பூனைக் கோப்பைக்குள் போட்டாள்.

“இனி பேர்தான் பாக்கி. சொல்லுங்கம்மா, உங்க முழுப் பேரு என்ன?”

ஃபென்னா எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“என் பேரு எதுக்கு? மேலயும் கீழயும் ஹாபோ ஐலர்ஸ்னு போடு. முகவரி அந்தப் பலகையிலேயே இருக்கு, போறப்போ பார்த்துக்கோ.”

இம்கேவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“என்னடி முழிக்கிற? படம் அனுப்பினது ஹாம்பர்க்ல இருக்கிற அவன் மக. அவதான் இதைச் செஞ்சு குடுத்தான்னு அவன் நினைச்சுக்கட்டும். என் பேரு வெளிய வந்துச்சு, உன்னைத் தொலைச்சிருவேன்! தினம் காலைல அந்தக் கடையில விளக்கு எரியுதான்னு பார்த்துட்டுத்தான் நான் என் கதவைத் திறக்கிறேன். அது எரியலைன்னா, நான் யாரைடி திட்டுவேன்?”