ஜோர்கோ குதிரையின் கால்

பிஷ்கெக் கண்காட்சியில் எல்லாரும் பெர்மெத்தின் குதிரைப் படத்தைப் புகழ, ஒருவர் மட்டும் படத்தில் விரலை வைத்து வைத்துக் குறை சொன்னார்.

"ஜோர்கோ குதிரைன்னா ஒரே பக்கத்துக் கால் ரெண்டையும் சேர்த்துல்ல தூக்கும்? நீ மாத்திப் போட்டிருக்க. கழுத்து வேற ஒட்டகம் மாதிரி இருக்கு."

பெர்மெத்துக்குக் கண் கலங்கியது. படத்தை அச்சிட்டுத் தந்த ஆய்வகத்து இளைஞன் எல்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கா இந்த ஆளு? இத்தனை பேர் முன்னாடி..."

"என் வீட்டுக்காரர்தான்ப்பா. கல்யாணமான நாள்லேருந்து நான் எதை வரைஞ்சாலும் 'நல்லா இருக்கு'ன்னு மட்டும்தான் சொல்வார். பிறவியிலேயே பார்வை கிடையாது. உன் மெஷின் என் படத்தை மேடும் பள்ளமுமா அச்சடிச்சுக் குடுத்ததாலதான் இன்னைக்கு இந்த வாய். நீ நல்லா இருக்கணும்."

"பெர்மெத், இங்க வா. வாலும் சரியில்ல."

"இதோ வந்துட்டேன்," என்று சிரித்தபடி ஓடினாள்.