புது ரோட்டில் பஞ்சவர்ணம்

"இன்னாமே, வண்டி ஓட்றியா, மாவாட்றியா? ஹேண்டில நேரா புடி!"

"நீ வாய மூடிகினு குந்து. இன்னொரு வார்த்த பேசுன, இங்கயே எறக்கி வுட்ருவேன்."

பின்சீட்டில் இருந்த கணவன் மனோகரன் சிரித்தான்.

திருமழிசையைத் தாண்டி, இன்னும் திறக்காத புதுச் சாலை அது. கழுவிக் கவிழ்த்த தோசைக்கல் போல வெயிலில் மின்னியது. எல் போர்டு ஒட்டிய ஸ்கூட்டியோடு பஞ்சவர்ணம் முதல்முறையாக அங்கே பழக வந்திருந்தாள். மறுநாள் லைசென்ஸ் டெஸ்ட். போன தடவை எட்டு போடும்போது காலை ஊன்றி ஃபெயில் ஆகியிருந்தாள். இந்தத் தடவை தேறிவிட்டால், ஷிப்ட் முடிந்து மனோகரன் வருவானா மாட்டானா என்று கம்பெனி கேட்டில் நிற்க வேண்டாம். தானே வீட்டுக்குப் பறக்கலாம்.

பளீரென்ற மஞ்சள் மேல்கோட்டு போட்ட இளம் பெண் அதிகாரி ஒருத்தி கையைக் காட்டி நிறுத்தினாள். கழுத்து அட்டையில் ஷர்மிளா என்று இருந்தது. பக்கத்தில் ஜீப். அதில் சாய்ந்தபடி ஹெல்மெட் போட்ட ஒருவர்.

"எல்எல்ஆர் இருக்காக்கா?"

"கீது மேடம்."

"இந்த ரோட்டுல இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல மேடம், சத்தியமா இன்னிக்குத்தான்."

"ரொம்ப நல்லது. மாங்காடு போறதா நெனச்சுகிட்டு மெதுவா ஓட்டுங்க. நாங்க பின்னாடியே வர்றோம். அண்ணா, நீங்க வழி சொல்லக் கூடாது."

"போச்சு," மனோகரன் அவள் காதில் முணுமுணுத்தான். "டெஸ்ட்ட இன்னிக்கே வெச்சுட்டாங்கமே."

பஞ்சவர்ணம் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து வண்டியைக் கிளப்பினாள். மரநிழலில் கிடந்த வேகத்தடை கண்ணில் படவே இல்லை. ஸ்கூட்டி துள்ள, மனோகரன் "யம்மா!" என்றான். மாங்காடு என்ற பலகையைப் பார்த்தபோது, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியிருந்தாள். சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில், எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு தடவையும் ஷர்மிளா ஜீப்பிலிருந்து இறங்கி, அந்த இடத்தைப் போட்டோ எடுத்தாள். ஹெல்மெட்காரர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒருத்திக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாரே, தங்கமான மனுஷன் என்று பஞ்சவர்ணம் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஷர்மிளா போனைப் பைக்குள் போட்டாள்.

"ஃபெயில்."

பஞ்சவர்ணத்தின் கண்கள் தளும்பின. மனோகரன் குதித்து இறங்கினான்.

"மேடம், அப்டி சொல்லாதீங்க. நான் கிண்டல் பண்ணுவேன், அது வேற. சோக்கா ஓட்டுவா மேடம்! பூந்தமல்லி டிராபிக்ல என்னிய ஒக்கார வெச்சுகினு அவதான் வந்தா. இன்னொரு சான்ஸ் குடுங்க."

பஞ்சவர்ணம் அழ மறந்து அவனையே பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை அது.

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, நான் அக்காவையா சொன்னேன்? நாளைக்கு அவங்க தைரியமா டெஸ்ட்டுக்குப் போகட்டும்," என்றவள் ஹெல்மெட்காரர் பக்கம் திரும்பினாள்.

"கான்ட்ராக்டர் சார், வேகத்தடைக்குப் பெயின்ட் அடிச்சு, பலகைய முன்னாடி நட்டு, ரோடு பிரியற இடத்துல இன்னொண்ணு வெச்சுட்டுக் கூப்பிடுங்க, அப்புறம் திறக்கலாம். இன்னைக்கு உங்க ரோடுதான் ஃபெயில்!"